பட்டாளக் கணக்கில் கிடைக்கும் பாட்டன்

சேர்ந்தபோது வயது 18. உயரம் 5 அடி 7 அங்குலம். பழுப்பு முடி, சாம்பல் நிறக் கண்கள். தொழில், கூலி வேலை. பிறந்தது இன்ன மாவட்டம், இன்ன தேவாலயப் பங்கு, இன்ன ஊருக்குப் பக்கம். கீழே, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு விடுபட்ட ஐரிஷ் சிப்பாயின் தாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஏழைகளுக்குப் புகைப்படம் எட்டாத காலம் அது. நிலமில்லாத ஒரு கூலிக்காரரின் கண் என்ன நிறம் என்று அவர் ஊரில் யாரும் எழுதிவைக்கவில்லை. பட்டாளம் எழுதிவைத்தது. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், செத்தவர் பெயரில் வேறொருவர் பென்ஷன் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதிய அடையாளம்தான். ஆனாலும் மெல்போர்னிலோ பாஸ்டனிலோ உட்கார்ந்து அதை முதன்முதலாகப் படிக்கிற எள்ளுப்பேத்திக்கு, தன் மூதாதை ஓர் ஆளாக எழுந்து நிற்பது அங்கேதான்.

அவளுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. 1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்து உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. கருகிய காகிதத் துண்டுகள் நகரத்தின் மேல் பறந்து விழுந்தன. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்குகளில் மிஞ்சியவை சில துணுக்குகளே. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக்கூழாகப் போயின. நாடு முழுவதற்கும் இன்று கிடைக்கிற முதல் கணக்கு 1901-ஆம் ஆண்டினுடையது. 1845-இல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கி, பெரும்பஞ்சத்தில் 10 லட்சம் பேர் மாண்டு, அதே அளவு பேர் கப்பலேறிப் போனதெல்லாம் அதற்கு அரை நூற்றாண்டு முந்தைய கதை.

எரிந்தது டப்ளினில். பட்டாளக் கணக்கு இருந்ததோ லண்டனில். 1830 வாக்கில் பிரிட்டிஷ் படையில் 100-க்குச் சுமார் 42 பேர் ஐரிஷ்காரர்கள். பிழைப்புக்காக அந்நிய ராஜாவின் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்ட அந்த ஏழைகளின் தாள்கள், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

தேடலுக்கு முதல் சாவி ரெஜிமெண்டின் பெயர். அது தெரிந்தால் மாதாமாதச் சம்பளத்துக்காக எழுதிய ஆள்பட்டியல்களைப் புரட்டி, ஒரு சிப்பாய் கார்க்கில் சேர்ந்தார், ஜமைக்காவில் காய்ச்சலில் கிடந்தார், கனடாவில் விடுபட்டார் என்று பின்தொடரலாம். 1883-க்கு முந்தைய விடுவிப்புத் தாள்கள் பெரும்பாலும் பென்ஷன் வாங்கியவர்களுடையவை. பணியில் இறந்தவரையும் ஓடிப்போனவரையும் ஆள்பட்டியலில்தான் பிடிக்க வேண்டும். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் தாள்களிலோ பாதிக்கு மேல் 1940-இல் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோயின.

பெயரை மட்டும் நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஓ, மக் என்ற முன்னொட்டுகளை ஆள் சேர்க்கும் எழுத்தர் விட்டுவிடுவார். ஐரிஷ் மொழியில் சொன்ன பெயரை ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். பெருக்கல் குறி போட்டவருக்கு அதைப் படித்துத் திருத்தவும் தெரியாது. ஒரே ஆள் சேர்ந்தபோது ஓர் எழுத்திலும், விடுபட்டபோது இன்னொன்றிலும் இருப்பது சகஜம்.

பிரிட்டனோடு கதை முடிவதில்லை. 1691 லிமரிக் உடன்படிக்கைக்குப் பிறகு, தோற்ற கத்தோலிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்குப் போனார்கள். ‘காட்டு வாத்துகள்’ என்று ஊர் அவர்களை நினைவில் வைத்திருக்கிறது. அந்த வழியில் வந்த ஒருவர் நம் மண்ணிலேயே போரிட்டிருக்கிறார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுப் படையை நடத்திய லாலியின் தந்தை, கால்வே மாவட்டத்துத் துவாம் பக்கத்திலிருந்து போனவர். எதிரே ஆங்கிலேயப் படையை நடத்தி வென்ற அயர் கூட், லிமரிக் மாவட்டத்துக்காரர். ஒரே தீவின் இரு மதத்தார், இரண்டு அந்நியக் கொடிகளின் கீழே, வந்தவாசிக் கோட்டைக்குப் பக்கத்தில் மோதினார்கள். ‘காட்டு வாத்துகளின்’ வம்சத்தார் பாரிஸ் அருகே வின்சென் கோட்டையில் உள்ள ராணுவக் காப்பகத்தில்தான் தேட வேண்டும்.

பட்டாளமே குடியேற்றமாக மாறிய இடங்களும் உண்டு. 1847 முதல் 1852 வரை, பென்ஷன் வாங்கிய 700-க்கும் மேற்பட்ட சிப்பாய்களைக் குடும்பத்தோடு நியூசிலாந்துக்கு ஏற்றி அனுப்பி, ஆக்லாந்தைச் சுற்றி ஒனெஹங்கா, ஹோவிக், பன்மியூர், ஓட்டாஹுஹு என்று நான்கு ஊர்களில் குடியமர்த்தினார்கள். ஒரு சின்ன வீடும் ஓர் ஏக்கர் நிலமும் தருவார்கள். ஏழு வருஷம் காவல் கடமை செய்தால் அது சொந்தம். பிறந்த தீவில் குத்தகையாகக்கூட நிலம் நிலைக்காத ஐரிஷ் குடும்பங்களுக்கு அந்த ஓர் ஏக்கர் என்னவாக இருந்திருக்கும்!

அமெரிக்காவில் கிடைப்பது இன்னும் மனதை அறுக்கும். அங்கே உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் மட்டும் அயர்லாந்தில் பிறந்தவர்கள் சுமார் 1.5 லட்சம் பேர். மகன் இறந்தால் அவன் சம்பாத்தியத்தில் வாழ்ந்த தாய்க்கும் பென்ஷன் உண்டு என்று 1862-இல் சட்டம் வந்தது. ஆனால் அவன் பணம் அனுப்பியதை நிரூபிக்க வேண்டும். தாய்களிடம் இருந்த சாட்சி, மகன் எழுதிய கடிதங்களே. எனவே அவற்றையே மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அவை திரும்பி வரவில்லை. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கோப்புகளுக்குள் இன்றும் இருக்கின்றன. விதவைகள் திருமணச் சான்று கொண்டுவர வேண்டியிருந்ததால், அயர்லாந்தில் எந்தப் பங்கில், எந்தக் குருவானவர் மணம் முடித்துவைத்தார் என்பதும் அதே கோப்பில் தெரிந்துவிடும்.

பங்கு தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தப்பிப் பிழைத்த கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. 1847-க்கும் 1864-க்கும் இடையே நிலவரிக்காக எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டில், யார் எந்த டவுன்லேண்டில் குடியிருந்தார் என்பது வரைபடத்தோடு இருக்கிறது. டவுன்லேண்ட் என்பது நம் குக்கிராமத்தைவிடவும் சிறிய நிலப்பிரிவு. 60,000-க்கும் மேல் உண்டு, ஒரே பெயரில் பலவும் உண்டு. மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே இறங்குவது வீண் அலைச்சல்.

ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற பிரிட்டிஷ் ரெஜிமெண்டில் இருந்தவரைத் தேடும் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல். 1881-க்கு முன் அந்தப் பெயரே கிடையாது. அதன் முதல் பட்டாலியன், கிழக்கிந்தியக் கம்பெனி நம் ஊரில் திரட்டிய மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்டின் வாரிசு. டப்ளின்காரர் தன் பாட்டனை ‘மெட்ராஸ்’ என்ற தலைப்பின் கீழ்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்துத் தேவாலயங்கள் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கணவன் இறந்து சில மாதங்களிலேயே அதே ரெஜிமெண்டில் இன்னொரு சிப்பாயை மணந்த பெண்கள் அதில் ஏராளம். கம்பெனியின் உதவிப்பணம் நின்றுபோனால் பிள்ளைகளோடு அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரே தாய்க்கு இரண்டு மூன்று குடும்பப் பெயர்கள் வருவது அதனால்தான். அப்போது தேடுகிறவர்கள் பெண்ணின் பெயரை விட்டுவிட்டு, பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் ரெஜிமெண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறார்கள்.