எஞ்சின் ஓடுது, பனி மட்டும் போகல... ஸ்னோ ப்ளோவரில் தேய்ந்து போனது எது?

எஞ்சின் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது. சத்தமும் பழையபடிதான். ஆனால் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தால் டிரைவ்வேயில் தார் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு படலம் அப்படியே கிடக்கிறது. வாங்கிய புதிதில் வேலியைத் தாண்டிப் பனியை வீசிய அதே மெஷின், இப்போது பக்கத்திலேயே துப்புகிறது. 'சரி, இதோட ஆயுசு முடிஞ்சுது' என்று முடிவு கட்டி, பலர் ஆன்லைனில் புது மெஷின் விலை பார்க்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலான நேரங்களில் முடிந்துபோனது மெஷின் இல்லை, முன்னால் சுழலும் ரப்பர் துண்டுகள் மட்டும்தான். பைக்குக்கு பிரேக் ஷூ மாதிரி, காருக்கு வைப்பர் மாதிரி, இவை தேய்வதற்காகவே செய்யப்பட்டவை. மாடலைப் பொறுத்து சில பத்து டாலர்களில் கிடைக்கும். மாற்ற ஒரு மணி நேரம் போதும். புது மெஷினுக்கோ பல நூறு டாலர் ஆகும்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ, அதை ஒட்டிய மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய விஷயமல்ல. அபார்ட்மெண்டில் இருந்தவரை பனி அள்ளுவது வேறு யாருடைய வேலையாகவோ இருந்திருக்கும். சொந்த வீடு வந்ததும் அது உங்கள் வேலை. 2025 பிப்ரவரியில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்த பனிப்புயல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வரியை விளக்கத் தேவையில்லை.

அது என்ன 'சிங்கிள் ஸ்டேஜ்'?

வீட்டு உபயோக ஸ்னோ ப்ளோவர்கள் முக்கியமாக இரண்டு வகை. பெரியது டூ ஸ்டேஜ். அதில் இரும்புத் திருகு போன்ற ஆகர் பனியை உள்ளே இழுக்கும். பின்னால் இருக்கும் இன்னொரு விசிறி அதை வாங்கி வெளியே வீசும். ஒருவர் அள்ளிக் கொடுக்க, இன்னொருவர் எறிவது போல.

சிங்கிள் ஸ்டேஜில் அள்ளுவதும் எறிவதும் ஒரே ஆள். குறுக்காக ஒரு தண்டு, அதில் வளைந்த ரப்பர் பேடில்கள். சில மாடல்களில் முழு அகலத்துக்கும் நீளும் இரண்டு பேடில்கள் இருக்கும். வேறு சிலவற்றில் நடுவில் ஒரு ஜோடியும் இரு பக்கமும் திருகு வடிவ ரப்பரும் இருக்கும். இவை வேகமாகச் சுழன்று, பனியைத் தரையிலிருந்து வழித்தெடுத்து, மேலே இருக்கும் குழாய் வழியாக வீசியடிக்கும். சுமார் 20 சென்டிமீட்டர் வரையிலான பனிக்கு இது தாராளம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வகை மெஷின்களில் பெரும்பாலானவற்றின் சக்கரங்களுக்கு எஞ்சினோடு தொடர்பே கிடையாது. ரப்பர் தரையைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே சுழல்வதால்தான் மெஷின் தானாக முன்னோக்கி நகர்கிறது. ஆக அள்ளுவது, எறிவது, இழுத்துச் செல்வது என மூன்று வேலையும் அந்த ரப்பரின் தலையில்தான்.

அதனால்தான் தேய்மானம் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் தெரிகிறது. தரையில் படலம் மிஞ்சும். வீச்சு தூரம் குறையும். முன்பு கூடவே நடந்து போனால் போதும் என்றிருந்த மெஷினை, இப்போது நெஞ்சு கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும்.

தேய்வதற்குக் காரணம் பனி அல்ல. பனி மென்மையானது, அது ரப்பரை ஒன்றும் செய்யாது. தாரும் கான்கிரீட்டும்தான் ரப்பரைத் தின்கின்றன. இரண்டு சென்டிமீட்டர் பனிக்கெல்லாம் மெஷினை இறக்கினால் ரப்பர் பெரும்பாலும் வெறும் தரையில்தான் உரசிக்கொண்டிருக்கும். அந்த அளவுக்கு ஷவலே போதும். சரளைக்கல் பாதையில் சிங்கிள் ஸ்டேஜை ஓட்டவே கூடாது. ரப்பர் கிழிவது இருக்கட்டும், கல் பறந்து யார் முகத்தில் அடிக்கும் என்று சொல்ல முடியாது.

பேடிலா, பெல்ட்டா, பெட்ரோலா?

ரப்பரைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒரு சின்ன விசாரணை தேவை. பனிக்குள் நுழைந்ததும் எஞ்சின் திணறி, சத்தம் இறங்கி, நின்றுபோனால் பிரச்சினை எரிபொருள் பக்கம். கோடை முழுக்க டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலும் அடைத்துக்கொண்ட கார்புரேட்டரும்தான் வழக்கமான குற்றவாளிகள். எஞ்சின் ஜோராக ஓடுகிறது, ஆனால் பனி பட்டதும் ரோட்டார் மட்டும் மெதுவாகி நின்றுவிடுகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது. எஞ்சினும் ஓடுகிறது, ரோட்டாரும் சுழல்கிறது, பனி மட்டும் போகவில்லை என்றால்தான் அது பேடில்.

உறுதிப்படுத்த, மெஷினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பரின் ஓரத்தைப் பாருங்கள். இந்த ரப்பர் சும்மா ரப்பர் இல்லை. கன்வேயர் பெல்ட் மாதிரி உள்ளே துணி இழைகள் வைத்துச் செய்தது. ஓரத்தில் இழை பிரிந்து தொங்கினாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, ஒரு துண்டு பிய்ந்து போயிருந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. டோரோ நிறுவனத்தின் பல மாடல்களில் இன்னும் சுலபம். பேடிலிலேயே ஒரு சின்ன ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். தேய்மானம் அந்த ஓட்டையைத் தொட்டுவிட்டால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். டயரில் இருக்கும் தேய்மான அடையாளம் மாதிரிதான்.

கூடவே மெஷினின் அடிப்பகுதியில், பேடிலுக்குப் பின்னால் தரையோடு ஒட்டி ஓடும் பட்டையையும் பார்க்க வேண்டும். இதற்கு ஸ்கிரேப்பர் பார் என்று பெயர். பேடிலுக்கு வழிவிட்டுத் தரையைச் சுரண்டிக் கொடுப்பது இதுதான். பலர் பேடிலை மட்டும் மாற்றிவிட்டு, 'இன்னும் படலம் விடுதே' என்று புலம்புவது இந்தப் பட்டையை மறந்ததால்தான். இரண்டும் சேர்ந்தே தேய்கின்றன. சேர்த்தே மாற்றுவது நல்லது. டோரோவின் கையேடும் அதையேதான் சொல்கிறது.

கழற்றி மாட்டுவது எப்படி?

முதல் வேலை ஸ்பேனரைத் தேடுவது இல்லை, ஸ்டிக்கரைத் தேடுவது. மெஷினின் பின்பக்கம் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும். பேடில்கள் பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் ஓட்டைகளின் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும். அகலத்தை மட்டும் பார்த்து வாங்கித் திருப்பி அனுப்பியவர்கள் ஏராளம்.

அடுத்து, எஞ்சின் ஆறியதும் டேங்கைக் காலி செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடி போட்ட வயரைப் பிடுங்கி, தவறியும் பிளக்கைத் தொடாத மாதிரி ஒதுக்கி வைக்க வேண்டும். பேட்டரி மாடல் என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். வயர் மாடல் என்றால் பிளக் பாயிண்டிலிருந்து கழற்றிவிடுங்கள். இந்த ஒரு வரியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிப்பதில் பிரயோஜனம் இல்லை.

பிறகு மெஷினைப் பின்பக்கமாக, ஹேண்டில் தரையில் படும்படி சாய்த்தால் வாய்ப்பகுதி மேலே வரும். எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைத் தவறான பக்கம் படுக்க வைத்தால் ஆயில் ஏர் ஃபில்டர் வரை போய்விடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தெருவே புகைமண்டலம் ஆகும்.

இனி போல்ட்டுகள். சாலையில் தூவும் உப்பு இவற்றை ஒரு வழி பண்ணியிருக்கும். துரு இளக்கும் ஆயிலை முந்தின இரவே அடித்து ஊறவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவசரத்தில் முறுக்கினால் போல்ட் தலை உடையும். அப்புறம் ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகிவிடும். நட் இருக்கும் பக்கத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, போல்ட் பக்கத்தை சாக்கெட் போட்டுத் திருப்ப வேண்டும்.

இரண்டு பேடிலையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். காரணம் எளிது: எந்தப் பக்கம் வளைவு, எந்த ஓட்டையில் எந்த போல்ட் என்பதற்கு மாட்டியிருக்கும் பழையதுதான் கண் முன்னால் இருக்கும் மாதிரி. கழற்றுவதற்கு முன் போனில் இரண்டு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நிம்மதி. தலைகீழாக மாட்டிய பேடிலும் சுழலத்தான் செய்யும், ஆனால் பனியைச் சரியாக அள்ளி வீசாது.

புதிய ரப்பர் விறைப்பாக இருக்கும், ஓட்டைக்கு ஓட்டை லேசில் பொருந்தாது. குளிரில் இன்னும் மோசம். வீட்டுக்குள் சூடான இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தால் வளையும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே பாதி ஏற்றிவிட்டு, கடைசியில் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மிச்ச ஓட்டைகள் நகர்ந்துவிடும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்குவதும் வேண்டாம். அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

ஸ்கிரேப்பர் பாரையும் மாட்டி முடித்ததும், வயர் இன்னும் கழற்றிய நிலையிலேயே ரோட்டாரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ரப்பர் இரு பக்கமும் ஒரே மாதிரி உரச வேண்டும், எங்கும் சிக்கக்கூடாது. முதல் ஓட்டத்தில் மெஷின் கொஞ்சம் வேகமாக இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அது கோளாறு இல்லை, புது ரப்பரின் பிடிப்பு.

'ரப்பர்தானே' என்ற நினைப்பு

இந்த மெஷினில் ஆபத்தே இந்த எண்ணம்தான். இரும்பு ஆகரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ரப்பரைப் பார்த்தால் வருவதில்லை. ஈரமான, கனமான பனி அடைத்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டோமே என்று கையை விடுவார்கள். அடைப்பு விலகியதும் ரோட்டார் சட்டென்று ஒரு சுற்று சுற்றும். எஞ்சின் நின்றிருந்தாலும், அடைபட்ட நேரத்தில் பெல்ட்டில் தேங்கிய இறுக்கம் அப்படியே காத்திருக்கும் என்பதுதான் காரணம். அமெரிக்கக் கை அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் இதைப் பற்றி எச்சரித்து வருகிறது. அடைப்பை எடுக்க எப்போதும் ஒரு குச்சி, அல்லது மெஷினோடு வரும் பிளாஸ்டிக் கருவி. கை வேண்டவே வேண்டாம்.

தேய்ந்த பேடிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. வீசும் வலு குறைந்தால் ஈரப்பனி குழாயில் அடிக்கடி அடைக்கும். அடைப்பு கூடினால் கையை விடும் சபலமும் கூடும்.

ஒரு படலத்துக்கு இவ்வளவு பேச்சா?

மிஞ்சிய படலம் பகலில் லேசாக உருகி, இரவில் கண்ணாடிப் பனிக்கட்டியாக உறையும். காலையில் பார்சல் கொண்டுவருபவர் அதில்தான் கால் வைப்பார். ஒன்டாரியோவில் இப்படி வழுக்கி விழுந்து காயமடைந்தவர் வீட்டு உரிமையாளர் மீது வழக்குத் தொடர முடியும். 2021 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தப்படி அவர் 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை கூடியிருக்கிறது.

இன்னொன்று, மெஷின் சரியில்லை என்றால் ஆட்கள் ஷவலைத்தான் கையில் எடுப்பார்கள். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான குளிர்காலங்களை அலசிய ஆய்வு ஒன்று 2017-ல் கனடா மருத்துவக் கழக இதழில் வந்தது. பனியே விழாத நாளோடு ஒப்பிட்டால், 20 சென்டிமீட்டர் பனி விழுந்ததற்கு மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடியிருந்தது. பெண்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. பனி அள்ளுவதுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சொல்லப்போனால் ஸ்னோ ப்ளோவர் பிறந்ததும் அதே கியூபெக்கில்தான். ஆர்தர் சிகார் 1925-ல் உருவாக்கிய, லாரியில் பொருத்தும் ராட்சத மெஷினை 1927-ல் மாண்ட்ரியலை ஒட்டிய ஊத்ரமோன் நகரம் முதலில் வாங்கியது.

எப்போது மாற்றலாம்?

அக்டோபர் வசதி. பெட்ரோல் வாசனையோடு கராஜ் கதவைத் திறந்து வைத்து வேலை பார்க்கலாம், விரலும் மரக்காது. முதல் பனிப்புயல் அறிவிப்பு வந்த பிறகு தேடினால் உங்கள் மாடலுக்கான பேடில் கடையில் தீர்ந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கழற்றிய பழைய ஜோடியில் சுமாராக இருப்பதை உடனே குப்பையில் போட வேண்டாம். நடுச் சீசனில் புதியது ஒன்று கிழிந்தால், அடுத்த பார்சல் வரும் வரை ஒப்பேற்ற அது போதும். மாற்றிய தேதியை மார்க்கரால் மெஷின் மூடியின் உள்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள்.