முதல் வகை நீரிழிவும் குளூட்டன் ஏலாமையும்

நீரிழிவு நோயாளிகளுக்கு ஏற்படும் வயிற்றுப்போக்கும் உப்புசமும், நரம்புப் பாதிப்பால் இரைப்பை இயக்கம் குன்றியதன் விளைவாகவோ மருந்தின் பக்கவிளைவாகவோ பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. முதல் வகை நீரிழிவில் சீலியாக் நோயையும் ஒரு காரணமாகக் கருதுதல் வேண்டும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்பெற்ற நோயெதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைப்பதே இந்நோய். முதல் வகை நீரிழிவில் அதே மண்டலம் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது. எச்.எல்.ஏ. டி.கியூ.2, டி.கியூ.8 என்னும் மரபுக்கூறுகள் இரண்டிற்கும் பொதுவானவை. எனவே, உலக அளவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குக் காணப்படும் சீலியாக் நோய், இவர்களிடம் பல மடங்கு மிகுதியாக உள்ளது. உணவு சரிவர உறிஞ்சப்படாதபோது, வழக்கமான இன்சுலின் அளவே இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்திவிடலாம்.

தமிழகத்தில் நீரிழிவாளர் சோற்றைக் குறைத்துச் சப்பாத்திக்கு மாறுவது வழக்கம். சீலியாக் நோய் உள்ளவர்க்கு அம்மாற்றமே தீங்காகிறது. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. ஆயினும், சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு.

ஐயம் தோன்றியவுடன் கோதுமையை விலக்குதல் தவறு. விலக்கினால் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் குறைந்து, குடலும் தேறி, நோய் இருந்தும் சோதனையில் புலப்படாது போகலாம். சோதனை முதலிலும் உணவு மாற்றம் பின்னரும் அமைதல் வேண்டும்.