வீட்டிலும் ஓர் ஏரி

மதுராந்தகத்தில் வளரும் பிள்ளைகள் ஏரி என்றால் என்னவென்று பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கரையையும் மதகையும் கலங்கலையும் கண்ணால் பார்த்தே வளர்கிறோம். ஆயினும் அந்த ஏரியின் கணக்கை நம் வீட்டுக் குழாயடியில் நாம் போட்டுப் பார்ப்பதில்லை.

கணக்கு எளிது. நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது குறைந்த மழை அன்று. ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில், அதிலும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தபின் வானத்தை நம்பிப் பயனில்லை. பெய்தபோது பிடித்து வைத்ததைக் கொண்டுதான் கோடையை ஓட்டவேண்டும். இதை அறிந்தே நம் முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள்.

ஏரியை வெட்டினால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். ஏரி காத்த இராமர் கோயிலின் வரலாறு நம் எல்லாருக்கும் தெரியும். 1798-ஆம் ஆண்டில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, அடிக்கடி உடைந்துவந்த ஏரிக்கரையைச் செப்பனிட்டார். பெருமழை கொட்டிய இரவில் கரை என்னாகுமோ என்று பார்க்கச் சென்றவர், வில்லேந்திய இரு வீரர்கள் காவல் நிற்பதைக் கண்டார் என்று ஊரார் சொல்வர். நம்பிக்கை அவரவருடையது. ஆனால் அந்த அதிகாரி ஏன் நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டு கரைக்குப் போனார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். கரை உடைந்தால் அன்றைக்கு வெள்ளம். அடுத்த கோடையில் வறட்சி. இரண்டும் ஒரே உடைப்பின் இரு முனைகள்.

நம் காலத்திலும் இதையே கண்டோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மிதந்தன. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு தரை தெரிந்தது. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தண்ணீருக்கு ரயில் விட்ட நகரம், நான்கு ஆண்டுகளுக்கு முன் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்று தவித்த நகரமேதான்.

கடலருகே இருப்பவர்களுக்குக் கவலை இல்லை என்று சிலர் நினைக்கலாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-இல் வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதனருகே 15 கோடி லிட்டர் அளவில் இன்னொன்று 2024-இல் திறக்கப்பட்டது. அந்த நீர் சென்னைக்குப் போகிறது. கரையோரச் சிற்றூர்களுக்கு மணலடியில் உள்ள ஊற்றே துணை. அந்த ஊற்றின் இயல்பு வியப்பானது. நன்னீர் எடை குறைவானதால் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். மோட்டார் போட்டு இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், கீழே 40 அடி உப்பு ஏறிவரும். ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் பழைய சுவைக்குத் திரும்பாது.

மதுராந்தகம் பக்கம் மணலில்லை, கெட்டிப்பாறை. பாறையின் வெடிப்புகளில் தேங்கும் நீர்தான் நம் கிணற்று நீர். ஒரு வீட்டில் ஆழ்துளை போட்டு வீணாக இறைத்தால், அடுத்த வீட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டும். மோட்டார் வைத்திருப்பவர்க்கு வறட்சி கடைசியில்தான் தெரியும். கயிறும் குடமும் உள்ளவர்க்கு முதலிலேயே தெரிந்துவிடும். குடத்தைத் தூக்குவது பெரும்பாலும் தாயும் மகளும். லாரி வரும் நேரம் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமாகவும் இருந்துவிட்டால், இழப்பு யாருக்கென்று நாம் அறிவோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று எழுதியதை இத்துடன் சேர்த்துப் படிக்கவேண்டும். அடுத்த வீட்டாரின் உரிமையும் நம் குழாய் வழியாகவே ஒழுகிப்போகிறது.

இனி வீட்டுக்கு வருவோம். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் 86,400 சொட்டு விடும். அளந்தால் ஏறத்தாழ 20 லிட்டர், அதாவது ஒரு குடத்துக்கும் மேல். இதை நிறுத்தத் தேவையானது ஒரு வாஷர். குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் பாத்திரம் கழுவினால் 60 லிட்டருக்குக் குறையாது. ஓர் அகன்ற பாத்திரத்தில் தேய்த்து, இன்னொன்றில் அலசினால் ஒரு குடம் போதும். ஷவருக்குப் பதில் வாளியும் சொம்பும் என்று பாட்டிமார் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. பழைய மாதிரிக் கழிப்பறைத் தொட்டிக்குள் நீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிஞ்சும்.

ஆனால் சிக்கனம் என்ற பெயரில் குறைக்கக் கூடாதவையும் உண்டு. சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் குறைக்கக் கூடாது. பெண்பிள்ளைகள், கழிப்பறையில் நீர் இராது என்ற அச்சத்தால் குடிக்கும் நீரைக் குறைத்துக்கொள்வதுண்டு. அதனால் சிறுநீர்த் தொற்று வரும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். தட்டுப்பாட்டுக்கு அஞ்சி டிரம்களில் நீர் பிடித்து வைப்போர் அவற்றைத் துணியால் இறுகக் கட்டி, வாரம் ஒருமுறை உள்ளே தேய்த்துக் கழுவவேண்டும். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. நாம் சேமித்த நல்ல நீரில்தான் முட்டையிடும்.

பயன்படுத்திய நீர் கழிவல்ல என்பதை நமக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். நம் அடுக்களையிலும் அப்படிப்பட்ட நீர் தினமும் உண்டு. அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் ஆகியவற்றை நேராகக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றலாம். சோப்பு கலந்த குளியல் நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். கீரைப் பாத்திக்கு விடக்கூடாது. சலவைத்தூள் கலந்த நீரை நாள்தோறும் ஒரே இடத்தில் விட்டால் மண்ணில் உப்புச் சேரும். கடைசி அலசல் நீரை மட்டும் எடுத்து, இடத்தை மாற்றி மாற்றி விடுவது நல்லது.

தோட்டத்தில் எதைக் காப்பது, எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யவேண்டும். தென்னையும் மாவும் பட்டுப்போனால் மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். புல்தரை காய்ந்தால் அடுத்த மழையில் தானே துளிர்க்கும். எனவே வறட்சியில் புல்லுக்கும் குரோட்டன்ஸுக்கும் நீர் விடுவது நமக்குச் சரியாகப் படவில்லை. மாதா கெபியின் முன் ரோஜாதான் பூக்கவேண்டும் என்பதுமில்லை. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அரளியும் குறைந்த நீரில் பூக்கும். அன்னை குறை சொல்லமாட்டார்! (அரளி நச்சுச் செடி, சிறு குழந்தைகள் கைக்கெட்டாமல் நடவேண்டும்.)

நீர் விடும் நேரம் அதிகாலை அல்லது மாலை. உச்சிவெயிலில் விட்டால் வேர் குடிக்குமுன் வெயில் குடித்துவிடும். மரத்தடியில் தேங்காய் மட்டைகளை அடுக்கி, அதன்மேல் சருகு பரப்பினால் ஈரம் பல நாள் நிற்கும். இளஞ்செடிகளுக்குப் பானைப் பாசனம் போல் சிக்கனமானது வேறில்லை. மெருகேற்றாத மண்பானையைச் செடியருகே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட வேண்டும். மண்ணில் ஈரம் குறையக் குறைய, பானை தானே கசிந்து கொடுக்கும்.

இவையெல்லாம் இருப்பதைக் காக்கும் வழிகள். இருப்பை உண்டாக்குவது கூரை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 500 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 46 சதுர மீட்டர். ஆண்டு மழையில் அதன்மேல் விழுவது 55,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 44,000 லிட்டர் மிஞ்சும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வைத்தால், ஆண்டுக்கு 18,250 லிட்டர்தான். அதாவது நம் தேவையைப்போல் இருமடங்குக்கு மேல் நம் தலைமேலேயே விழுந்து தெருவில் ஓடுகிறது.

2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று போட்ட குழாய்கள் பல வீடுகளில் இன்றும் சுவரில் நிற்கின்றன. குழிதான் மண்மூடிக் கிடக்கிறது. அண்மை ஆண்டுகளில் நம் ஏரியில் தூர்வாரும் வேலை நடந்ததைப் பார்த்தோமல்லவா? வீட்டுக் குழிக்கும் அதே வேலை ஆண்டுதோறும் வேண்டும். ஒரு மீட்டர் நீள அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழியில் அடியில் கருங்கல் ஜல்லியும் மேலே பருமணலும் நிரப்பியிருப்பார்கள். புரட்டாசியில் மேல்மணலை வாரிக் கழுவி, வெயிலில் காயவைத்து மீண்டும் போடவேண்டும். மாடியைப் பெருக்கி, முதல் மழைநீரைத் தூசோடு வெளியே விட்டு, அடுத்த மழையிலிருந்து குழிக்கோ கிணற்றுக்கோ திருப்பவேண்டும். கிணற்றில் விடுவதானால் வழியில் மணல் வடிகட்டி அவசியம். சுத்தமான வேட்டியை நான்கு கம்பில் கட்டி, நடுவில் கல்லை இட்டு, கீழே அண்டா வைத்து மழைநீர் பிடித்த பழக்கமும் மறக்கக்கூடியதன்று. அந்த நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

குழி வேலை செய்கிறதா என்று அறிய ஒரு நோட்டுப்புத்தகம் போதும். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, பெரியவர் ஒருவர் உடனிருக்க, மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கிணற்றில் இறக்க வேண்டும். கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை முடிச்சு என்று தேதியிட்டு எழுதவேண்டும். கார்த்திகைக் கணக்கையும் அடுத்த சித்திரைக் கணக்கையும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், தூர்வாரிய குழிக்கும் வாராத குழிக்கும் உள்ள வேறுபாடு முடிச்சுக் கணக்கிலேயே தெரியவரும்.