பதினோரு பேருக்கு எத்தனை கட்டில்?

மே மாதம் பிறந்தால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று குடும்பமாகக் கிளம்புகிறோம். தாத்தா, பாட்டி, மகன்கள், மருமகள்கள், மகள் வீட்டார், பேரப்பிள்ளைகள் என்று சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். வேன், டிரைவர், போகிற வழியில் சாப்பாடு எல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாகிவிடும். தங்குமிடம் மட்டும் ஒரே போன் பேச்சில் முடிந்துவிடுகிறது. “எத்தனை பேர் சார்?” “பதினோரு பேர். அதுல நாலு குழந்தைங்க.” “தாராளமா தங்கலாம் சார். ரெண்டு காட்டேஜ் போதும்.” உடனே ஜிபேயில் அட்வான்ஸ் போய்விடும்.

வினை வருவது இரவு பத்து மணிக்கு. இரண்டு காட்டேஜிலும் தலா ஒரு டபுள் காட்தான் இருக்கும். “எக்ஸ்ட்ரா பெட் கேட்டிருந்தோமே” என்றால், ரூம் பாய் மடித்த ஃபோம் மெத்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். மூன்று விரற்கடை கனம் இருந்தால் அதிகம். கட்டிலுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் விரித்துவிட்டு, தலையணை குறைகிறது, காலையில் தருகிறேன் என்று போய்விடுவார். மலைக் குளிரில் அந்தத் தரையில் யார் படுப்பது? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் படுக்கிறார்கள். மூட்டுவலிக்காரப் பாட்டியோ, கட்டிலை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே விடியவைப்பார். பணம் கொடுத்து ஓய்வெடுக்கப் போன இடத்தில் இப்படி நடப்பதை “அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ரிசார்ட்காரர் சொல்லும் “பத்து பேர் தங்கலாம்” என்பது தலைக்கணக்கு. சோபா, பாய், தரை மெத்தை எல்லாம் அதில் அடங்கிவிடும். நாம் கேட்க வேண்டியது கட்டில் கணக்கு: எத்தனை கட்டில், என்ன அகலம், எந்த அறையில். அதையும் எழுத்தில் வாங்க வேண்டும். பின்னால் சண்டை வந்தால் சட்டத்தின் முன் நிற்கப்போவது அந்த எழுத்துதான்.

அளவிலிருந்து தொடங்குவோம். ‘கிங் சைஸ்’ என்பது ஆறடி அகலம், ‘குயின் சைஸ்’ என்பது ஐந்தடி. நீளம் இரண்டுக்கும் ஆறரை அடி. ஆறடிக் கட்டிலில் இருவர் படுத்தால் தலைக்கு மூன்றடி. மூன்று பெரியவர்கள் படுத்தால் தலைக்கு இரண்டடி, அதாவது ரயிலில் ஸ்லீப்பர் பெர்த் அகலம். ஒரு ராத்திரிக்கு ஓடும், மூன்று ராத்திரிக்கு ஓடாது. ‘டபுள் பெட்’ என்று மட்டும் போட்டிருந்தால் ஐந்தடியா ஆறடியா என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டு சின்னக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டு நடுவில் இடைவெளியோடு டபுள் என்று காட்டும் இடங்களும் உண்டு.

‘ஃபேமிலி ரூம்’ என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அதற்குப் பொதுவான இலக்கணம் எதுவும் கிடையாது. ஓரிடத்தில் இரண்டு டபுள் கட்டில் போட்ட பெரிய அறை அந்தப் பெயரில் வரும். இன்னோரிடத்தில் ஒரு கட்டிலும் ஒரு சோபா கம் பெட்டும் இருக்கும். சோபா கம் பெட்டை விரித்தால் நடுவில் கம்பி முதுகில் குத்தும். பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்களுக்கு ஆகாது. ‘கனெக்டிங் ரூம்’ என்றால் இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்கதவு இருக்க வேண்டும். வெறுமனே அடுத்தடுத்த அறைகளைக் கொடுத்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்வார்கள். சின்னக் குழந்தைகளைத் தனியறையில் படுக்கவைக்கும் குடும்பத்துக்கு அந்த உள்கதவு மிக முக்கியம். ‘பங்க் பெட்’ என்னும் அடுக்குக் கட்டில் இருந்தால், மேல் தட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்கவைக்காதீர்கள். தூக்கத்தில் உருண்டு விழும் ஆபத்து உண்டு.

குழந்தைகள் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. “அஞ்சு வயசு வரைக்கும் ஃப்ரீ” என்றால், பெரும்பாலும் கட்டிலோ மெத்தையோ இல்லாமல் ஃப்ரீ என்று அர்த்தம். அதற்கு மேற்பட்ட வயதுக்கு ‘மெத்தையோடு’ ஒரு கட்டணம், ‘மெத்தை இல்லாமல்’ ஒரு கட்டணம் என்று இரண்டு இருக்கும். இலவசம் என்று நினைத்து வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். வரவேற்பில் ஆதாரைக் காட்டும்போது வயது வெளிப்பட்டுவிடும். அப்போது கட்டணமும் ஏறும், நம் புகாரின் மதிப்பும் இறங்கிவிடும்.

போனில் பேசுவதற்கு முன் வீட்டில் ஒரு தாளை எடுத்து, யார் யாரோடு படுப்பார்கள் என்று எழுதிப் பாருங்கள். தாத்தா பாட்டிக்குத் தரைத்தளத்தில் அறை, வெஸ்டர்ன் டாய்லெட். கைக்குழந்தை உள்ள தம்பதிக்குச் சுவரோரக் கட்டில். கல்லூரிப் பையன்கள் மெத்தையில் படுத்துக்கொள்வார்கள். இப்படி எழுதினால், பதினோரு பேருக்கு இரண்டு காட்டேஜ் போதுமா என்பது தானாகத் தெரிந்துவிடும். பெண்கள் நிறையப் பேர் போகும் கூட்டத்துக்குக் கழிப்பறை எண்ணிக்கையும் கட்டில் அளவுக்கு முக்கியம். பத்துப் பேருக்கு ஒரே கழிப்பறை என்றால், காலையில் கிளம்பிப் பார்க்க வேண்டிய தொட்டபெட்டா மதியத்துக்குத் தள்ளிப்போகும்.

டிரைவரையும் அந்தத் தாளில் எழுதுங்கள். மலைப்பாதையில் நம் உயிரைக் கையில் வைத்திருக்கிற மனிதர், குளிரில் வண்டி சீட்டில் மடங்கிப் படுத்துவிட்டு மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுவது நியாயமும் இல்லை, நமக்குப் பாதுகாப்பும் இல்லை. விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கும் கூடமும் கழிப்பறையும் ஓட்டல்கள் செய்து தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தியது. “டிரைவருக்கு இடம் இருக்கா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

பேசி முடிந்ததும், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படி ஒரு செய்தி போடுங்கள்: “மே 10 மதியம் 12 மணி முதல் மே 12 காலை 11 மணி வரை மூன்று அறைகள். முதல் இரண்டு அறைகளிலும் தலா ஆறடிக் கட்டில் ஒன்று, மூன்றரை அடிக் கட்டில் ஒன்று. மூன்றாவது அறை தரைத்தளத்தில், ஆறடிக் கட்டில் ஒன்று. கூடுதலாகத் தரை மெத்தை மூன்று, தலையணை, கம்பளியோடு. ஒவ்வொரு அறைக்கும் தனிக் கழிப்பறை. வரி உட்பட மொத்தம் இவ்வளவு ரூபாய். சரியென்றால் உறுதி செய்யவும்.” “ஓகே சார்” என்று பதில் வந்தால் அதுவே உங்கள் ஆவணம். பதில் வராமல் “நேர்ல வாங்க சார், பாத்துக்கலாம்” என்று போன் வந்தால் வேறு இடம் பாருங்கள். சீசனில் மலையேறிய பிறகு வேறு அறை தேடுவது லேசான காரியம் இல்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. அறை கிடைக்கவில்லை என்று நினைத்த நாளுக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுவதும் எளிதல்ல.

இணையதளத்தில் புக் செய்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஸ்பெஷல் ரெக்வெஸ்ட்’ என்ற கட்டத்தில் “எக்ஸ்ட்ரா பெட் வேண்டும்” என்று எழுதினால் அது வேண்டுகோள்தான், ஒப்பந்தம் ஆகாது. ‘இருந்தால் தருவோம்’ என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே கூடுதல் படுக்கையைக் கட்டணத்தோடு சேர்த்துவிட்டு, ரிசார்ட்டுக்கும் நேரடியாகப் போன் செய்து கேட்டுவிடுங்கள். “ஒரே ஒரு அறைதான் மிச்சம்” என்று சிவப்பு எழுத்து மின்னுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்கவைப்பதும், கடைசிப் பக்கம் வரை மறைத்துவைத்துக் கட்டணத்தைக் கூட்டுவதும், 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று வழிகளில் அடங்கும்.

ரிசார்ட் பெயரில் போலி இணையதளம் போட்டு அட்வான்ஸைச் சுருட்டும் கும்பல்களும் இருக்கின்றன. அதிலுள்ள எண்ணை நம்பாமல், கூகுள் மேப்பிலுள்ள எண்ணோடும், அங்கே போய் வந்தவர்கள் தரும் எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் தனிநபர் பெயருக்குப் போகிறதா, நிறுவனத்தின் பெயருக்குப் போகிறதா என்று யுபிஐ திரையிலேயே தெரியும். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

வரியில் பலருக்குத் தெரியாத ஒரு வேறுபாடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். நான்கு அறைகள் கொண்ட வில்லாவை ஒரே அலகாக 20,000 ரூபாய்க்கு பில் போட்டால் வரி 3,600 ரூபாய். அதே செலவில் தலா 5,000 ரூபாயில் நான்கு தனி அறைகள் எடுத்தால் வரி 1,000 ரூபாய். பெரிய குடும்பம் என்றாலே வில்லா என்று முடிவு செய்வதற்கு முன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தானாகச் சேர்த்திருந்தால் கட்டத் தேவையில்லை. அப்படிச் சேர்க்கக் கூடாது என்ற 2022 ஜூலை வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது.

படுக்கை போதாத இடத்தில் உயிருக்கே ஆபத்து வரும் என்பது மிகைப்பேச்சு அல்ல. “நாலு பேர் டென்ட்ல படுத்துக்கலாம் சார், ஜாலியா இருக்கும்” என்பார்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு ரிசார்ட்டின் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவரைக் காட்டு யானை தாக்கிக் கொன்றது. காட்டை ஒட்டிய இடத்தில் கூடாரம் என்றால் குடும்பத்தில் ஒருவரையும் அதில் படுக்கவிடாதீர்கள். இன்னொன்று கரியடுப்பு. ஹாலில் பத்துப் பேர் நெருக்கிப் படுத்து, குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பார்பிக்யூ சுட்ட அடுப்பைக் கதகதப்புக்காக உள்ளே கொண்டுவந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கொடைக்கானலில் 2024-ல் இப்படி இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். கரி சாம்பல் பூத்திருந்தாலும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

சரி, எல்லாம் எழுதி வாங்கியும் போய் இறங்கினால் கட்டில் இல்லை. என்ன செய்வது? பெட்டிகளை அறையில் இறக்குவதற்கு முன் அறையைப் பாருங்கள், வீடியோ எடுங்கள். மேலாளரிடம் உங்கள் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, சொன்ன கட்டிலைப் போடுங்கள், அல்லது கூடுதல் அறை தாருங்கள், அல்லது வாடகையைக் குறையுங்கள் என்று மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். மறுத்தால், அங்கே நின்றபடியே அதே எண்ணுக்கு “உறுதி செய்த படுக்கைகள் தரப்படவில்லை” என்று செய்தி அனுப்புங்கள். வேறு வழியின்றிப் பணம் கட்ட நேர்ந்தால் “ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கொடுங்கள். வேறு இடத்துக்குப் போனால் அங்கே கட்டிய பில்லை வைத்திருங்கள், கூடுதலாக ஆன தொகையைக் கேட்க அது உதவும். “அட்வான்ஸ் ரீஃபண்ட் கிடையாது” என்று பலகை மாட்டியிருப்பார்கள். நாமாக மனம் மாறி ரத்து செய்தால் அந்த நிபந்தனைக்கு வேலை உண்டு. அவர்கள் சொன்னதைத் தராதபோது அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, ஒப்புக்கொண்ட சேவையைத் தராதது சேவைக் குறைபாடு. பில் தராததும், குறைபாடான சேவைக்குரிய பணத்தை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. இணையதளம் வழியே புக் செய்திருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அடுத்தபடியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பல நிறுவனங்கள் அங்கிருந்து தகவல் போனதுமே பணத்தைத் திருப்பித் தந்துவிடுகின்றன.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இங்கேதான் நம்மவர்கள் தயங்குகிறார்கள்: “கேஸுக்காக ஊட்டிக்கு யார் அலைவது?” அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. மதுரைக் குடும்பம் மதுரையிலேயே மனுப் போடலாம், ரிசார்ட்காரர்தான் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் வழக்குத் தொடுங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. அதுவரை அந்த வாட்ஸ்அப் உரையாடலையும், வீடியோவையும், பில்லையும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.