தலையில் மாட்டும் திரை சாமானியர் வீட்டுக்கு வருமா?

புதுதில்லி: கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவிகளை அன்றாடப் பொருளாக்க, உலகின் பெரு நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகின்றன. அனிமேஷன், கணினி விளையாட்டு, மெய்நிகர் துறைகளுக்காக மும்பையில் தேசிய உயர்சிறப்பு மையம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அரசுப் பணமும் இத்துறைக்குள் வரும் நிலையில், இதனால் பயன்பெறப் போவது யார் என்ற கேள்வி எழுகிறது.

உலக அனுபவம் ஊக்கம் தருவதாக இல்லை. ஆக்குலஸ் நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் 2014-ல் அறிவித்தது. பின்னர் மெட்டா எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் இப்பிரிவு, 2024-ல் மட்டும் சுமார் 1,770 கோடி டாலர் நஷ்டத்தைச் சந்தித்தது. கூகுள் 2014-ல் அறிமுகப்படுத்திய அட்டைக் கருவியின் விற்பனை 2021-ல் நிறுத்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த ஆப்பிள் கருவியின் விலை 3,499 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ரூ. 2.9 லட்சம்.

விலை மட்டுமே தடையல்ல. இந்தியாவில் ஐ.பி.எல். ஆட்டங்களைக் காண ஜியோ நிறுவனம் 2023-ல் ரூ. 1,299-க்கே ஒரு கருவியை வெளியிட்டது. செல்போனை உள்ளே பொருத்திப் பார்க்க வேண்டிய அக்கருவியும் வீடுதோறும் பரவிவிடவில்லை. கண் அசைவைக் காண, உட்செவி அதை உணராததால் பலருக்குத் தலைசுற்றல் ஏற்படுகிறது. முகத்தை அழுத்தும் கனமும் நெடுநேரப் பயன்பாட்டுக்குத் தடையாகிறது.

அனைத்துக்கும் மேலாக, இது ஒருவர் மட்டுமே பார்க்கும் திரை. 2006-ல் தமிழக அரசு குடும்பத்துக்கு ஒன்றாக இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. ஒரு பெட்டி ஒரு வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. தலைக்கருவியோ ஆளுக்கொன்று வேண்டும்.

ஆன்மிகத் துறையிலும் இம்முயற்சி நடைபெறுகிறது. காசி விசுவநாதர் ஆலய வளாகத்தில் 2024-ல் மெய்நிகர் தரிசன வசதி செய்யப்பட்டது. ஆனால், சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தை எண்ணிப் பார்த்தால் இதன் எல்லை விளங்கும். கிணற்றில் தோன்றி, இன்றும் வளர்ந்து வருவதாக நம்பப்படும் வரசித்தி விநாயகரை வணங்க, திருப்பதி செல்லும் தமிழகப் பக்தர்களும் அங்கு வருகின்றனர். அச்சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சுவர் என்பது ஊரறிந்த நம்பிக்கை. வழக்குகளையும் வாக்குறுதிகளையும் அங்கே சத்தியம் செய்து முடித்துக்கொள்வோர் உண்டு. கருவறைக் காட்சியைக் கருவி காட்டலாம். நேரில் நின்று சத்தியம் செய்யும்போது எழும் அச்சத்தை அது தராது.

எனினும், படி ஏற இயலாத முதியோருக்கும் படுக்கையில் கிடப்போருக்கும் அக்காட்சியே பெரும் பேறு. மருத்துவம், தொழிற்பயிற்சி ஆகியவற்றிலும் இத்தொழில்நுட்பத்துக்குப் பயன் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கெனத் தனி ஆய்வு மையமே இயங்குகிறது.

எனவே, வீட்டுக்கு வீடு என்ற கனவை நிறுவனங்களிடம் விட்டுவிடலாம். அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் மருத்துவமனைக்கும், தொழிற்பயிற்சி நிலையத்துக்கும், நூலகத்துக்கும் சென்று சேர்கிறதா என்பதே மக்கள் கேட்க வேண்டிய கணக்கு.