எப்வொர்த் குருமனையில் கேட்ட தட்டொலி

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொடக்ககால மெதடிஸ்டுகளிடம் காணப்பட்ட ஆவி நம்பிக்கையை, எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளர்களின் மூடத்தனமாகக் காட்டுவது வழக்கமெனினும், அதன் புகழ்பெற்ற பதிவு கிரேக்கமும் இலத்தீனும் கற்ற குருவானவர் ஒருவரின் குருமனையிலிருந்தே, அதாவது திருச்சபை அவருக்கு அளித்த வீட்டிலிருந்தே, கிடைத்துள்ளது. லிங்கன்ஷயரின் எப்வொர்த்தில் 1716 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லியின் பெற்றோர் வீட்டில் முனகலும் தட்டொலியும் கேட்டன. எலிகளாக இருக்கலாம் என்று எண்ணிய தாய் சுசன்னா அவற்றை விரட்டக் கொம்பு ஊதச் செய்தார். அதன் பின்னரோ, இரவில் மட்டும் கேட்ட ஒலி பகலிலும் கேட்டதாகக் குடும்பத்தார் கூறினர். பிள்ளைகள் அதற்கு 'கிழவர் ஜெஃப்ரி' என்று பெயரிட்டனர். தந்தை அரசருக்காக ஜெபித்த வேளையில் தட்டல் ஓங்கியது என்பதால், அந்த ஆவிக்கு அரசியல் சார்பும் இருந்தது போலும்.

அப்போது லண்டனில் பள்ளி மாணவராக இருந்த ஜான் எதையும் நேரில் கேட்டவரல்லர்; 1726இல் வீட்டாரின் கூற்றுகளைத் திரட்டிய அவர், மீட்பு எல்லோருக்கும் உரியது என்னும் அர்மினியக் கொள்கைக்காகத் தாம் நடத்திய மாத இதழில் 1784இல் அவற்றை வெளியிட்டார். தன் உள்ளத்தில் நேர்ந்ததைச் சபையார் முன் எடுத்துரைக்கும் 'சாட்சி'யே மெதடிஸ்ட் வாழ்வின் உயிர்நாடியாக இருந்தமையால், மனமாற்றத்தைச் சொன்னவரை நம்பியவர்களால் ஆவியைக் கண்டதாகச் சொன்னவரை மட்டும் தள்ளிவிட இயலவில்லை. சூனியக் குற்றத்துக்கான பழைய தண்டனைச் சட்டம் நீங்கி முப்பதாண்டுகள் கடந்த பின்னும், 1768இல், சூனியத்தை மறுப்பது விவிலியத்தையே மறுப்பதாகும் என்று தம் நாட்குறிப்பில் வாதிட்ட வெஸ்லி, இறந்தோரைக் கண்டதாகக் கூறிய சண்டர்லண்ட் பெண் எலிசபெத் ஹாப்சனின் கூற்றை நெடிதாக எழுதி வைத்தார்.

எப்வொர்த் ஒலிகள் வீட்டிலிருந்த யாரோ செய்த குறும்பு என்போரும் உண்டு. அது எவ்வாறாயினும், பின்வந்த வரலாற்றாசிரியர் சிலர் நிறுவனரின் மதிப்பைக் காக்க வேண்டிப் பேயை விலக்கியபோது, அதனைப் பற்றிப் பேசிய பெண்களின் குரலும் உடன் விலகிப்போனது என்பதே கவலைக்குரியது; தாயும் சகோதரிகளும் எழுதிய கடிதங்கள், ஒரு பெரிய மனிதரின் சிறிய பலவீனத்துக்கான அடிக்குறிப்பாகச் சுருங்கின. அக்கடிதங்களிலும் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை: டிசம்பர் முதல் நாள் உணவறைக் கதவருகே முனகலைக் கேட்டவர் ஒரு பணிப்பெண், அவர் சொன்னதைப் பொருட்படுத்தாமல் வீட்டார் சிரித்துத் தள்ளினர் என்று சுசன்னாவே எழுதியுள்ளார்.