ஆயாவுக்கு என்ன வயது?
(முதுமையியல் என்னும் கல்வித்துறை பற்றி ஒரு சிறு விளக்கம்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (புள்ளியியல்)

பட்டம் பெற்ற பின் என்ன செய்யப் போகிறாய் என்று நம் கல்லூரி மாணவர் ஒருவரைக் கேட்டால், வங்கித் தேர்வு என்பார். ஆசிரியர் பயிற்சி என்பார். அரசுப் பணித் தேர்வு என்பார். முதியோரைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று சொல்பவர் உண்டோ? முதுமை நம் எல்லோருக்கும் வரப்போவது. ஆயினும் அதனை ஒரு பாடமாகக் கற்கலாம், அதிலேயே வாழ்நாள் பணியும் காணலாம் என்பதைச் சென்ற ஆண்டு வரை நானும் அறியேன். அதனை எனக்குக் கற்பித்தவர் வேப்பம்பட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தனியே வாழும் ஆயா.

அவர் என் தாத்தாவின் அக்காள். பிள்ளை இல்லாத விதவை. இன்று வீட்டு மனைகளாகிவிட்ட நிலங்களில் நாற்று நட்டவர். முதியோர் ஓய்வூதியத்திற்கு மனுச் செய்தபோது, “அறுபது நிறையவில்லை” என்று மனு திரும்பி வந்தது. அவருடைய அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1967 என்று இருந்தது. பதிந்தவர் கேட்டிருக்கிறார், ஆயா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். நானும் கேட்டுப் பார்த்தேன்.

“இன்னா வயசு ஆயா உனக்கு?”

“எனக்கு இன்னாடா தெரியும்? அறுவதோ எழுவதோ, நீயே ஒண்ணு எழுதிக்கோ.”

வேடிக்கை என்னவெனில், என் தாத்தா பிறந்தது 1957. அட்டையை நம்பினால், தாம் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியைவிட ஆயா பத்து வயது இளையவர்!

முதுமையியல் என்பது யாது?

1903ஆம் ஆண்டில், பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்துவந்த ருஷ்ய விஞ்ஞானி எலீ மெச்னிகோவ் இத்துறைக்கு ‘ஜெரண்டாலஜி’ என்று பெயரிட்டார். நாம் அதனை முதுமையியல் என்கிறோம். உடல் ஏன் தளர்கிறது என்பது இதன் ஒரு கிளை. தளர்ந்தவர் எப்படி வாழ்கிறார், யார் சோறு போடுகிறார், அரசு என்ன செய்ய வேண்டும் என்பன மற்றொரு கிளை. முதியோரின் நோய்களைக் கவனிக்கும் மருத்துவம் இதன் உடன்பிறப்பு.

அம்மருத்துவத்திற்கு நம் சென்னையே இந்தியாவில் வழிகாட்டி எனின் மிகையாகாது. இங்கிலாந்தில் பயின்று திரும்பிய டாக்டர் வ.செ. நடராசன், 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கு எம்.டி. பட்டப் படிப்பே வந்தது. 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. புறநோயாளிப் பிரிவு ஒன்றில் தொடங்கியது இவ்வளவாக வளர்ந்திருக்கிறது.

கணக்கு ஏன் வேண்டும்?

மருத்துவருக்கு எதிரே ஒரு நோயாளி இருக்கிறார். சட்டம் இயற்றுவோருக்கு எதிரே இருப்பதோ எண்கள் மட்டுமே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது கடந்தவர்கள். ஏறத்தாழ 75 லட்சம் பேர். 2031இல் இது நூற்றுக்குப் பதினெட்டு ஆகும் என்று மத்திய அரசின் நிபுணர் குழு மதிப்பிட்டுள்ளது. குழந்தைகள் குறைவாகப் பிறப்பதும், பிறந்தவர் நெடுநாள் வாழ்வதுமே இதற்குக் காரணங்கள்.

நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962லேயே வந்துவிட்டது. மாதம் 1,000 ரூபாயாக இருந்த தொகை 2023இல் 1,200 ஆக உயர்த்தப்பட்டது. 1999இல் முதியோருக்கான தேசியக் கொள்கையும், 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் வந்தன. இவற்றின் பயனைப் பெற இன்று பெரும்பாலும் ஏறவேண்டிய வாயிற்படி அறுபது வயது. அந்த வயதைச் சரியாக அறியாவிட்டால், படி ஏற வேண்டியவர் வெளியே நிற்பார்.

வயதை அறிவது எங்ஙனம்?

பிறந்த நாள் அறியாதவர்கள் 50, 55, 60 என்று முழுமையாகவே வயது சொல்வார்கள். ஐந்திலும் பூச்சியத்திலும் இப்படிக் குவியும் வயதுகளை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு. எந்த எண்ணிலும் குவியாமல் இருந்தால் 100. எல்லோரும் 0, 5 என்றே சொன்னால் 500. வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டபோது, எனக்கு ஆயாவின் முகமே தெரிந்தது.

இதற்கு மாற்றாக ஆராய்ச்சியாளர் கையாளும் முறை நிகழ்ச்சி நாட்காட்டி. ஊரறிந்த நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாக எழுதிக்கொண்டு, “அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?” என்று கேட்பது. நானும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ஆயாவின் திண்ணையில் அமர்ந்தேன். வயது தெரியாத ஆயாவுக்கு மற்றவை எல்லாம் நினைவிருந்தன. எம்.ஜி.ஆர். சுடப்பட்ட சேதி வந்தபோது அவருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்களாம். அது 1967 ஜனவரி. அதற்கு இரண்டாண்டு முன்புதான் ஆளானாராம். தம்பி பிறந்தபோது ஏரியில் குடம் எடுக்கும் அளவு வளர்ந்திருந்தாராம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் 1952ஐ ஒட்டி நின்றது.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அவருடைய ஐந்தாம் வகுப்புச் சான்றிதழ் கிடைத்தது. என் காலம் வரை எங்கள் வீட்டின் பெரிய படிப்பு அதுதான். அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கையைத் தலைக்கு மேல் வளைத்து எதிர்க்காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. ஆயினும் ஓரிரண்டு ஆண்டு பிசகலாமே தவிரப் பதினைந்து ஆண்டு பிசகாது. அரசு மருத்துவர் ஒருவரிடம் வயதுச் சான்று பெற்று, மறுபடியும் மனுக் கொடுத்திருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இத்துறைக்குச் செல்லும் வழி

மும்பையில் 1956இல் தொடங்கிய பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் உள்ளது. நம்மைப் போன்ற புள்ளியியல் மாணவர்கள் அங்கே நுழைவுத் தேர்வு எழுதி முதுகலையும், பின்னர் ஆராய்ச்சிப் பட்டமும் பெறலாம். முதுமை பற்றிய இந்தியாவின் மிகப் பெரிய ஆய்வை நடத்துவதும் இந்நிறுவனமே. 2017-18இல் நாடெங்கும் 45 வயதும் அதற்கு மேலும் ஆன 72,000க்கும் அதிகமானோரை வீடு தேடிச் சென்று கண்டார்கள். கைப்பிடியின் வலிமையை அளந்தார்கள். பத்துச் சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். அதே மனிதர்களைத் திரும்பத் திரும்பக் கண்டு இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்வது என்பது திட்டம்.

ஒருமுறை கண்டால் போதாதா? போதாது. இன்று ஓர் அறுபதையும் ஓர் எண்பதையும் ஒப்பிட்டால், எண்பதுக்கு வந்து சேர்ந்தவரை மட்டுமே காண்போம். வழியில் இறந்தவர் கணக்கில் வரமாட்டார். ஒருவரையே தொடர்ந்து சென்றால்தான் தளர்ச்சி எங்கே தொடங்கியது, எந்த உதவி எப்போது கிடைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பது புலப்படும். அந்த விடையிலிருந்துதான் நல்ல கொள்கை பிறக்க முடியும்.

என் தந்தையார் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். மும்பை என்றதும், “கெழவிங்கள எண்ணுறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?” என்றார். நான் வாதாடவில்லை; ஆயாவின் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். தம் அத்தையின் வாழ்க்கை ஆண்டு வாரியாக எழுதப்பட்டிருப்பதை எழுத்துக்கூட்டி வெகுநேரம் படித்தார். மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது, “அந்தப் பரீட்சை எப்போ?” என்று கேட்டார்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் வயது தெரியாத ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கக்கூடும். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவரருகே அமருங்கள். உங்களுக்குப் பட்டம் கிடைக்கும் முன்னே அவருக்கு ஒரு பிறந்த ஆண்டு கிடைக்கட்டும்!